பெயர், முகவரி, சில கேள்விகள்: வாடிக்கையாளரைத் தேடிய படிவங்களின் வரலாறு

வீட்டுக்கடன் தவணையைக் கணக்கிடும் இணையக் கால்குலேட்டர் கடன்தொகை, வட்டி விகிதம், தவணைக் காலம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, விடையைக் காட்டும் முன் பெயரையும் கைபேசி எண்ணையும் கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஆளுமைத் தேர்வு, விலை மதிப்பீடு, வினாடி வினா, எந்த மென்பொருள் பொருந்தும் என்று சொல்லும் வழிகாட்டி எனப் பயனர் தாமே இயக்கிப் பார்க்கும் உள்ளடக்கங்கள் பலவற்றில் ஏதோவொரு கட்டத்தில் ஒரு படிவம் குறுக்கே நிற்கிறது. அதை நிரப்புபவரின் விவரம் விற்பனைப் பிரிவுக்குப் போகிறது. அங்கே அவருக்குப் பெயர் 'லீட்'. இன்னும் வாங்கவில்லை, ஆனால் வாங்கக்கூடும் என்பதற்குத் தாமே ஓர் அறிகுறி காட்டியவர் என்று பொருள்.

இந்த வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. அச்சு விளம்பரத்தின் கீழ்மூலையில் வெட்டுக்கோட்டுக்குள் இருந்த கூப்பன், வணிக இதழ்களில் செருகப்பட்ட அஞ்சலட்டை, கடிதவழிப் பள்ளிகளின் இலவசத் திறன்தேர்வு ஆகியவை அதன் முன்னோர்கள். நூறாண்டைத் தாண்டிய இந்த வரலாறு முழுவதிலும் நடந்தது ஒரே கொடுக்கல் வாங்கல்தான்: பயனுள்ள ஒன்றைக் கொடுத்துப் பெயரைப் பெறுவது. கொடுப்பது கேட்பதற்கு ஈடாக இருந்தவரை இரு தரப்பும் அதை ஏற்றன. எதற்காகக் கேட்கிறார்கள் என்பது மறைக்கப்பட்ட இடங்களில் நம்பிக்கை உடைந்தது.

வெட்டி அனுப்பும் கூப்பன்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரயில்பாதையும் மலிவான அஞ்சலும் பரவியபோது, கடைக்கு வராத வாடிக்கையாளருக்குப் பொருள் விற்பது சாத்தியமாயிற்று. சிகாகோவைச் சேர்ந்த மான்ட்கோமெரி வார்ட் 1872-இல் ஒற்றைத் தாள் விலைப்பட்டியலோடு அஞ்சல்வழி வணிகத்தைத் தொடங்கினார். இத்தகைய வணிகருக்கு முதல் தேவை முகவரிப் பட்டியல். யாரிடம் விற்பது என்று தெரிந்தால்தான் பட்டியலை அனுப்ப முடியும்.

முகவரி தேடும் இந்த வேலையைக் கடிதவழிப் பள்ளிகள் ஒரு கலையாகவே வளர்த்தன. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிரான்டன் நகரில் தாமஸ் ஃபாஸ்டர் 1891-இல் தொடங்கிய பாடத்திட்டம் இதற்கு நல்ல சான்று. சுரங்க விபத்துகளைக் குறைக்க அம்மாநிலம் 1885-இல் இயற்றிய சட்டம் சுரங்க மேலாளர்களுக்குத் தேர்வைக் கட்டாயமாக்கியிருந்தது. பள்ளிக்கூடம் போக நேரமில்லாத சுரங்கத் தொழிலாளர்கள் அந்தத் தேர்வுக்கு அஞ்சல் மூலம் படித்தார்கள். அந்த முயற்சியே இன்டர்நேஷனல் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்ஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

அதன் இதழ் விளம்பரங்களின் அடியில் ஒரு கூப்பன் இருக்கும். கணக்கர், சுருக்கெழுத்தர், மின்பணியாளர், இயந்திர வரைவாளர், கட்டடப் பொறியாளர், சுரங்க மேற்பார்வையாளர், விளம்பரம் எழுதுபவர் எனத் தொழில்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். வாசகர் தமக்கு வேண்டிய தொழிலின் எதிரே ஒரு பெருக்கல் குறி போட்டு, கீழே பெயர், தெரு, ஊர், மாநிலம் எழுதி, வெட்டி அஞ்சலில் சேர்க்க வேண்டும். அந்தக் கூப்பனை அனுப்புவதால் அவருக்கு எந்தக் கடப்பாடும் இல்லை என்ற உறுதியும் அதிலேயே இருக்கும். ஒரே ஒரு குறியில் பள்ளிக்கு இரண்டு செய்திகள் கிடைத்துவிடும்: யார் ஆர்வமாக இருக்கிறார், எந்த வேலையைக் கனவு காண்கிறார். அதற்கேற்ற கையேடு அஞ்சலில் போகும். பள்ளியின் பகுதி முகவர் நேரிலும் போய்ப் பார்ப்பார். இன்றைய இணையப் படிவத்தில் கீழிறங்கும் பட்டியல் செய்யும் வேலையை அந்தக் கட்டங்கள் அன்றே செய்துவிட்டன.

கூப்பன் இன்னொரு பயனையும் தந்தது. ஒவ்வோர் இதழிலும் முகவரியோடு வேறு வேறு பிரிவு எண்ணை அச்சிட்டால், வந்த உறையைப் பார்த்தே எந்த விளம்பரம் பலித்தது என்று சொல்லிவிடலாம். விளம்பரத்துக்குச் செலவழித்த தொகையை வந்த கூப்பன்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விசாரணைக்கு ஆன செலவு தெரியும். சிகாகோவின் லார்ட் அண்ட் தாமஸ் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய கிளாட் ஹாப்கின்ஸ் இந்த முறையை ஒரு கோட்பாடாக்கினார். 1923-இல் வெளியான அவருடைய 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' நூல், விளம்பரத்தை ஊகத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவர முயன்றது. பெப்சோடென்ட் பற்பசைக்கு அவர் உருவாக்கிய விளம்பரங்களில் பத்து நாள் மாதிரிக் குழாய்க்கான கூப்பன் இருந்தது.

மாதிரிகளைப் பற்றி ஹாப்கின்ஸ் சொன்ன விதி இந்த வரலாற்றுக்கு மையமானது. வீடு வீடாக மாதிரிகளை வீசிவிட்டுப் போவது வீண் என்றார் அவர். பொருளைப் பற்றிய செய்தியைப் படித்து, சிறிதளவாவது முயற்சி எடுத்துக் கேட்பவருக்கு மட்டுமே மாதிரி தரவேண்டும். கூப்பனை வெட்டி நிரப்பும் சிரமமே ஆர்வத்துக்கு அளவுகோல். உள்ளடக்கத்தின் முன் படிவத்தை வைப்பவர்கள் இன்று சொல்லும் நியாயமும் இதுதான்.

இந்தியாவில் இதற்குத் துணைநின்றது வி.பி.பி. எனப்படும் மதிப்பறி அஞ்சல். பொருளைக் கையில் வாங்கும்போது தபால்காரரிடம் பணம் தரும் இந்த வசதியால் நகரத்து வணிகர் கிராமத்து வாசகருக்கு நம்பிக்கையோடு விற்க முடிந்தது. 1928-இல் 'ஆனந்த விகடன்' இதழை வாங்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன் விளம்பரத் தொழிலும் அஞ்சல்வழி வணிகமும் நடத்தியவர். 1930-களில் அவ்விதழின் குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் ஆதரவு பெற்றன. வாசகர் பேனாவோடு பங்கெடுக்கும் பக்கத்துக்கு என்ன ஈர்ப்பு என்பதைத் தமிழ் இதழுலகம் அப்போதே கண்டுகொண்டது.

தேர்வு எழுதுங்கள், முடிவு சொல்கிறோம்

கூப்பனுக்கு ஈடாக எதைக் கொடுப்பது என்பதில் மூன்று வழிகள் உருவாயின. முதலாவது பொருளின் மாதிரி. இரண்டாவது இலவசப் புத்தகம். யூ.எஸ். ஸ்கூல் ஆஃப் மியூசிக் என்ற கடிதவழி இசைப்பள்ளிக்காக ஜான் கேப்பிள்ஸ் எழுதி 1926-இல் வெளியான விளம்பரம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. விருந்தொன்றில் பியானோ முன் அமர்ந்தவனை எல்லோரும் கேலி செய்ய, அவன் வாசித்து வியக்கவைக்கும் கதையை அது சொன்னது. கடைசியில் கூப்பன் கேட்டது பாடத்துக்கான பணத்தையன்று. இலவசக் கையேடும் மாதிரிப் பாடமும் அனுப்ப முகவரி தந்தால் போதும்.

மூன்றாவது வழி, வாசகரையே பங்கெடுக்கவைப்பது. மேக்ஸ்வெல் சாக்ஹைம் 1919-இல் ஷெர்வின் கோடியின் ஆங்கிலப் பாடத்திட்டத்துக்கு எழுதிய விளம்பரம் பேச்சில் நேரும் பொதுவான பிழைகளை வரிசைப்படுத்தி, "நீங்கள் இந்தத் தவறுகளைச் செய்கிறீர்களா?" என்ற பொருளில் தலைப்புப் போட்டுக் கேட்டது. படிப்பவர் தம்மையறியாமலே தம்மைச் சோதித்துக்கொள்வார். தடுமாறியவர் கூப்பனை நிரப்புவார். சிறு மாற்றங்களோடு அந்த விளம்பரம் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஓடியது.

மினியாபொலிஸ் நகரின் ஆர்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. இதழ்களிலும் தீப்பெட்டி அட்டைகளிலும் ஒரு பெண்முகத்தையோ கடற்கொள்ளையனையோ ஆமையையோ அச்சிட்டு, அதைப் பார்த்து வரைந்து அனுப்பச் சொன்னது. வரைந்தவருக்குத் திறன்தேர்வு முடிவு வரும். அதோடு ஓவியப் பாடத்திட்டத்தின் விவரமும் வரும். 'பீனட்ஸ்' சித்திரக்கதையை உருவாக்கிய சார்லஸ் ஷுல்ஸ் இத்தகைய விளம்பரம் ஒன்றின் வழியாகவே அங்கே மாணவரானார். பின்னாளில் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். விளம்பரத்தைப் பார்த்து முகவரி அனுப்பியவருக்கு உண்மையிலேயே நன்மை கிடைக்கலாம் என்பதற்கு அவர் சான்று.

அதே முறை கெட்டுப்போகவும் முடியும் என்பதற்குச் சான்று ஃபேமஸ் ரைட்டர்ஸ் ஸ்கூல். கனெக்டிகட் மாநிலத்தில் 1961-இல் தொடங்கிய இந்த எழுத்தாளர் பள்ளி, பதிப்பாளர் பென்னட் செர்ஃப் உள்ளிட்ட பிரபலங்களின் பெயரில் இலவசத் திறன்தேர்வை விளம்பரம் செய்தது. தேர்வெழுதி அனுப்பியவரின் வீட்டுக்கு விற்பனையாளர் போய் நின்றார். பத்திரிகையாளர் ஜெசிகா மிட்ஃபோர்ட் இதைத் தோண்டினார். ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதிய பெண் ஒருவர் நூற்றுக்கணக்கான டாலர் கட்டணத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு, பணத்தைத் திரும்பப் பெற வழக்கறிஞரான மிட்ஃபோர்டின் கணவரை நாடியதிலிருந்து விசாரணை தொடங்கியது. தேர்வில் ஏறக்குறைய எல்லோரும் தேறினார்கள் என்பதும், விளம்பரத்தில் முகம் காட்டிய எழுத்தாளர்கள் மாணவர்களின் எழுத்தைத் திருத்துவதில்லை என்பதும் 1970 ஜூலை 'அட்லான்டிக்' இதழில் வெளிவந்தன. 1972-இல் நிறுவனம் திவாலாயிற்று.

தேர்வு என்று சொல்லப்பட்டது தேர்வாக இல்லை, முகவரி பெறுவதற்கான சாக்காக மட்டுமே இருந்தது. அந்தப் பள்ளியின் உண்மையான குற்றம் இதுவே. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஒரு சோதனை, எழுதியவருக்கு எதையும் கொடுப்பதில்லை.

வணிக இதழும் எண் அட்டையும்

பொதுமக்களிடம் விற்பவருக்குக் கூப்பன் போதுமானதாக இருந்தது. தொழிற்சாலைகளுக்கு இயந்திரமும் உதிரிபாகமும் விற்பவருக்கு வேறு தேவை இருந்தது. கேட்பவர் வாங்கும் அதிகாரம் உள்ளவரா, மாணவரா, போட்டி நிறுவனத்துக்காரரா என்று தெரியவேண்டும். இதற்கு அமெரிக்க வணிக இதழ்கள் கண்ட வழி, இதழையே இலவசமாகக் கொடுத்து, அதற்கு ஈடாக வாசகரின் பதவி, நிறுவனத்தின் அளவு, கொள்முதல் பொறுப்பு ஆகியவற்றைப் படிவத்தில் வாங்கிக்கொள்வது. தகுதியுள்ளவருக்கே இதழ் போகும். இப்படி விநியோகமாகும் இதழ்களின் கணக்கைத் தணிக்கை செய்ய 1931-இல் தனி அமைப்பே உருவாயிற்று. அது பின்னாளில் பி.பி.ஏ. என்று அறியப்பட்டது.

இந்த இதழ்களுக்குள் ஓர் அட்டை இருக்கும். நூற்றுக்கணக்கான எண்கள் அதில் கட்டம் கட்டமாக அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு விளம்பரத்தின் அடியிலும் ஓர் எண் இருக்கும். விவரம் வேண்டிய பொருளின் எண்ணை அட்டையில் வட்டமிட்டு, தம் பதவியையும் நிறுவனத்தையும் எப்போது வாங்க உத்தேசம் என்பதையும் குறித்து அஞ்சலில் போட்டால் போதும். தபால்தலைகூடத் தேவையில்லை. பெறுபவரே கட்டணம் செலுத்தும் வணிகப் பதிலஞ்சல் முறையை அமெரிக்க அஞ்சல்துறை 1928-இலேயே அனுமதித்திருந்தது. இதழ் அலுவலகம் அட்டைகளைப் பிரித்து, பெயர்களை அந்தந்த விளம்பரதாரருக்கு அனுப்பும்.

இரண்டு குறைகள் அந்த முறையைத் துரத்தின. விவரப் புத்தகம் வாசகர் கைக்கு வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் தேவை தீர்ந்திருக்கும். வட்டமிடுவது எளிதாக இருந்ததால், வாங்கும் எண்ணமில்லாமல் கையேடுகளைச் சேர்ப்பவர்களும் கலந்துவிடுவார்கள். முயற்சி குறையக் குறையப் பெயர்கள் பெருகும், அவற்றின் மதிப்பு இறங்கும். ஹாப்கின்ஸின் விதி மறுபக்கத்திலிருந்து மெய்ப்பட்டது.

வலைப்பக்கத்தில் கட்டங்கள்

தொடக்ககால வலைப்பக்கம் படிப்பதற்கு மட்டுமே. 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையம் தன் மொசைக் உலாவியில் நிரப்பும் படிவங்களைச் சேர்த்தது. வந்த விவரத்தை வழங்கியிலுள்ள நிரலுக்குக் கையளிக்கும் சி.ஜி.ஐ. முறையும் அங்கேயே உருவானது. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 தரவரையறை உரைப்பெட்டி, தேர்வுக்குறி, கீழிறங்கும் பட்டியல், அனுப்பும் பொத்தான் ஆகியவற்றை முறைப்படுத்தியது. அதே ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், படிவத்தில் விட்டுப்போனதை உடனே சுட்டிக்காட்டவும், பக்கத்தைவிட்டு நகராமல் கணக்குப் போடவும் வழிசெய்தது. இணையக் கால்குலேட்டரும் இணையப் படிவமும் ஒரே கருவிகளால் ஆனவை. பின்னர் அவை இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்ததற்குத் தொழில்நுட்ப அடிப்படை இதுவே.

1996 ஜனவரியில் இணையத்துக்கு வந்த 'நியூயார்க் டைம்ஸ்', அமெரிக்க வாசகரிடம் காசு கேட்கவில்லை, ஆனால் பதிவு கேட்டது. வாசகரின் வயது, பாலினம், அஞ்சல் குறியீடு போன்றவை விளம்பரதாரருக்கு மதிப்புள்ளவை. இப்படிப் பதிவு கேட்கும் தளங்கள் பெருகியபோது எதிர்வினையும் வந்தது. 2003-இல் தோன்றிய பக்மீநாட் தளம் பொதுவில் பகிரும் பயனர்பெயர்களையும் கடவுச்சொற்களையும் தொகுத்துத் தந்தது. அதே ஆண்டு வந்த மெயிலினேட்டர் ஒருமுறை பயன்படுத்திவிட்டு மறந்துவிடும் மின்னஞ்சல் முகவரிகளைத் தந்தது. கேட்பது நியாயமில்லை என்று நினைத்தவர்கள் பொய்விவரம் கொடுத்தார்கள். படிவம் வைத்தவரின் தரவுத்தளத்தில் போலிப் பெயர்கள் குவிந்தன.

விளையாட்டின் வழியாகப் பெயர்களைப் பெறும் முயற்சியும் அப்போதே தொடங்கிவிட்டது. சேத் கோடின் 1995-இல் நிறுவிய யோயோடைன், மின்னஞ்சல் வழியாகப் போட்டிகளும் புதிர்களும் நடத்தியது. பங்கெடுப்பவர் தம் முகவரியைக் கொடுத்து, விளம்பரதாரரின் செய்திகளைப் பெற ஒப்புக்கொள்வார். பரிசு கிடைக்கும் வாய்ப்பு அதற்கு ஈடு. 1998-இல் யாஹூ இந்நிறுவனத்தை வாங்கியது. 1999-இல் கோடின் எழுதிய 'பெர்மிஷன் மார்க்கெட்டிங்' நூல், கேட்காதவரிடம் கத்துவதைவிட அனுமதி தந்தவரிடம் படிப்படியாகப் பேசுவதே நல்லது என்று வாதிட்டது. அனுமதியை விற்கவோ இன்னொருவருக்கு மாற்றவோ கூடாது என்பதும் அவர் கருத்து. பின்னர் வந்த படிவத் தொழில் இதில் முதல் பாதியை விரைவாகக் கற்றுக்கொண்டது, இரண்டாம் பாதியைப் பலநேரம் கைவிட்டது.

படிவம் ஒரு தொழிலாக

1999-இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், இணையப் படிவத்தில் விழும் பெயரை நேரடியாக விற்பனையாளரின் பட்டியலில் சேர்க்கும் வசதியைத் தந்தது. அதே ஆண்டு டொரண்டோவில் பிறந்த எலக்வா, 2006-இல் வந்த மார்க்கெட்டோ ஆகியவை, பெயர் கிடைத்தபின் என்ன செய்வது என்பதைத் தானியங்கியாக்கின. எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எந்த மின்னஞ்சலைத் திறந்தார் என்பதற்கெல்லாம் மதிப்பெண் இட்டு, குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியவரை மட்டும் விற்பனையாளரிடம் அனுப்பும் முறை நிலைபெற்றது. ஒரே நேரத்தில் பத்துக் கேள்வி கேட்காமல், முதல்முறை மின்னஞ்சலை மட்டும் கேட்டு, அடுத்தடுத்த வருகையில் பதவியையும் நிறுவனத்தையும் கேட்கும் உத்தியும் வந்தது.

எம்.ஐ.டி.யில் சந்தித்த பிரையன் ஹாலிகனும் தர்மேஷ் ஷாவும் 2006-இல் ஹப்ஸ்பாட் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஷா உருவாக்கிய வெப்சைட் கிரேடர் என்ற கருவி, இயக்கிப் பார்க்கும் உள்ளடக்கத்தைக் கொண்டு லீட் திரட்டுவதற்கு முன்மாதிரியாக அமைந்தது. தளத்தின் முகவரியையும் மின்னஞ்சலையும் கொடுத்தால், அத்தளம் தேடுபொறிக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்பதற்கு 100-க்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். எங்கெங்கே குறை என்ற பட்டியலும் வரும். தளம் வைத்திருப்பவருக்கு அது உண்மையிலேயே உதவும். குறைந்த மதிப்பெண் பெற்றவர் யார், அவருடைய குறை என்ன என்பது ஹப்ஸ்பாட்டுக்குத் தெரிந்துவிடும். அந்தக் குறைகளைத் தீர்க்கும் மென்பொருளையே அது விற்றது.

இந்தத் தொழிலில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ 2005-இல் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருளையும், பின்னர் படிவம் உருவாக்கும் மென்பொருளையும் வெளியிட்டது. 2010-இல் கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-இல் நாஸ்டாக் சந்தையில் பட்டியலாயிற்று. 2008-இல் தொடங்கிய, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாங்க்பஜார், கடன்களையும் கடனட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து விண்ணப்பிக்கும் தளமாக வளர்ந்தது. உலகின் பல மூலைகளில் நிரப்பப்படும் படிவங்கள் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட நிரல்களின் வழியாகப் போகின்றன.

கேள்வியே படிவமானபோது

2010-களில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, படிவத்தின் தோற்றம். பார்சிலோனாவில் 2012-இல் தொடங்கிய டைப்ஃபார்ம், நீண்ட படிவத்தை ஒரு திரைக்கு ஒரு கேள்வி என்று பிரித்து உரையாடல்போல் ஆக்கியது. ஃபேஸ்புக் 2015-இலும் லிங்க்ட்இன் 2017-இலும் அறிமுகப்படுத்திய விளம்பரப் படிவங்களில், பயனரின் கணக்கிலுள்ள விவரங்கள் தாமாகவே நிரம்பின. நிரப்பும் சிரமம் ஒரு தட்டாகச் சுருங்கியது.

இரண்டாவது மாற்றம் இன்னும் ஆழமானது. அதுவரை இலவசப் புத்தகமோ அறிக்கையோ ஒருபக்கமும் படிவம் மறுபக்கமும் இருந்தன. கால்குலேட்டரிலும் வினாடி வினாவிலும் உள்ளடக்கமே கேள்விகளால் ஆனது. சூரிய மின்தகடு பொருத்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்கிடும் கருவி மாத மின்கட்டணத்தையும் கூரையின் பரப்பையும் வீடு சொந்தமா வாடகையா என்பதையும் கேட்கும். விடைக்கு அவை தேவை. விற்பனையாளருக்கும் அவைதாம் தேவை. பெயரும் எண்ணும் கேட்கப்படும் முன்பே, வாங்கக்கூடியவரின் நிலை முழுவதும் எழுதப்பட்டுவிடுகிறது.

பெயர் கேட்கும் படிவத்தை எங்கே வைப்பது என்பது இத்துறையில் தனிப் பாடம். தொடக்கத்தில் வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பலர் திரும்பிவிடுவார்கள், உள்ளே வருபவர் தெரிந்தே வருவார். நடுவில் வைத்தால் பயனை ஓரளவு சுவைத்தவரிடம் கேட்டதாகும். முடிவுக்கு முன் வைத்தால், பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னவர் அவ்வளவு உழைப்பையும் விட்டுப்போக மனமின்றிக் கொடுத்துவிடுவார். மிகுதியாகப் பெயர் சேர்க்க உதவுவதும், முன்னறிவிப்பின்றிச் செய்தால் மிகுதியான எரிச்சலைக் கிளப்புவதும் இந்தக் கடைசி இடமே. முடிவைச் சுருக்கமாக உடனே காட்டிவிட்டு, விரிவான அறிக்கையை மின்னஞ்சலில் பெற மட்டும் முகவரி கேட்பது நான்காவது வழி. கொடுப்பதை முதலில் கொடுத்துவிட்டுக் கேட்பதால் நால்வகையில் நேர்மை மிக்கது இது.

மீறல்களும் சட்டமும்

ஃபேமஸ் ரைட்டர்ஸ் ஸ்கூலின் கதை இணையத்தில் திரும்ப நிகழ்ந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் கல்வி உதவித்தொகைக்குப் புகழ்பெற்ற சட்டத்தின் பெயரையே முகவரியாகக் கொண்ட ஜிஐபில் தளத்தை நடத்தியது குவின்ஸ்ட்ரீட் என்ற லீட் திரட்டும் நிறுவனம். அரசுத் தளம் என்று நம்பி விவரம் கொடுத்த வீரர்கள், நிறுவனத்தின் வாடிக்கையாளர்களான கல்லூரிகளிடம் அனுப்பப்பட்டார்கள் என்பது மாநில அரசுகளின் குற்றச்சாட்டு. 2012-இல் 20 மாநிலங்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் நிறுவனம் 25 லட்சம் டாலர் செலுத்தவும், அந்தத் தள முகவரியை முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் ஒப்படைக்கவும் ஒப்புக்கொண்டது.

கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் வினாடி வினாவின் ஆழத்தைக் காட்டியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் கோகன் உருவாக்கிய ஆளுமைத் தேர்வுச் செயலியைச் சுமார் 2.7 லட்சம் பேர் நிறுவினார்கள். அன்றைய ஃபேஸ்புக் விதிகள் அவர்களுடைய நண்பர்களின் விவரத்தையும் எடுக்க இடமளித்ததால், 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் 2018-இல் அறிவித்தது. இந்தியாவில் அதை நிறுவியவர்கள் 335 பேர், பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் சுமார் 5.62 லட்சம் பேர். 2019-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

ஒரு படிவத்தின் கட்டங்களையே நீதிமன்றம் அலசிய வழக்கு பிளானட்49. ஜெர்மனியில் 2013 செப்டம்பரில் நடந்த இணையப் பரிசுக் குலுக்கலில், அஞ்சல் குறியீட்டைக் கொடுத்ததும் பெயரும் முகவரியும் கேட்கும் பக்கம் வரும். அதன்கீழ் இரண்டு தேர்வுக்கட்டங்கள். முதலாவது வெறுமையாக இருந்தது. அதில் குறியிட்டால்தான் குலுக்கலில் கலந்துகொள்ளலாம். குறியிட்டால் நிதியளிப்பாளர்கள் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தொடர்புகொள்ள ஒப்புதல். அந்த நிறுவனங்களின் பட்டியலில் 57 பெயர்கள். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கவேண்டும். இரண்டாவது கட்டத்தில், இணைய நடத்தையைப் பின்தொடரும் குக்கிகளுக்கான குறி முன்கூட்டியே இடப்பட்டிருந்தது. நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. முன்பே இடப்பட்ட குறி ஒப்புதலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. 57 பெயர்களை ஒவ்வொன்றாக நீக்கவைக்கும் ஏற்பாட்டில் பெற்றதும் செல்லத்தக்க ஒப்புதலன்று என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2020-இல் முடிவுசெய்தது.

இதற்கிடையே 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, ஒப்புதல் கட்டாயமின்றித் தரப்பட்டதாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் இருக்கவேண்டும் என்றது. இந்தியாவில் வேண்டாத வணிக அழைப்புகளைத் தடுக்கும் பதிவேடு 2007-இலேயே தொடங்கியிருந்தது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே ஒப்புதல் பொருந்தும் என்கிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்கான விவரத்தோடு கைபேசியிலுள்ள தொடர்புப் பட்டியலையும் கேட்டு, பயனர் இரண்டுக்கும் சரி சொன்னாலும், ஒப்புதல் சிகிச்சைக்குரியதற்கு மட்டுமே செல்லும் என்று சட்டமே எடுத்துக்காட்டோடு விளக்குகிறது.

இன்றைய நிலை

சட்டம் மட்டுமன்றிச் சந்தையும் படிவத்தைத் தள்ளிவைக்கத் தொடங்கியது. பக்கத்தை மூடி நிற்கும் திரைகள் கொண்ட தளங்களைக் கைபேசித் தேடலில் கீழிறக்கும் விதியைக் கூகுள் 2017 ஜனவரியில் அமல்படுத்தியது. ஆப்பிள் 2021-இல் உண்மையான மின்னஞ்சலை மறைத்து மாற்று முகவரி தரும் வசதியைத் தந்தது. படிவமின்றித் திறந்துவைத்தால் உள்ளடக்கம் வெகுதூரம் பரவும், அந்தப் பரவலே பெரிய லாபம் என்று சந்தைப்படுத்தல் எழுத்தாளர் டேவிட் மீர்மன் ஸ்காட் போன்றவர்கள் நெடுங்காலமாக வாதிட்டுவந்தார்கள். பாஸ்டனின் ட்ரிஃப்ட் நிறுவனம் 2016-இல் தன் படிவங்களையெல்லாம் எடுத்துவிட்டதாக அறிவித்து, உரையாடல் பெட்டியை முன்வைத்தது. ஆயினும் அந்தப் பெட்டியும் பேச்சின் நடுவே மின்னஞ்சலைக் கேட்கவே செய்தது.

கேட்பது நிற்கப்போவதில்லை. வாங்க விரும்புபவரையும் விற்க விரும்புபவரையும் சேர்த்துவைக்க ஒரு பெயரும் முகவரியும் எப்போதும் தேவைப்படும். மாறியது கேட்கும் விதம். ஸ்கிரான்டன் பள்ளியின் கூப்பன் தன் நோக்கத்தை மறைக்கவில்லை. நிரப்புபவர் எதைக் கொடுக்கிறார், எதைப் பெறுகிறார், யாரிடம் போகிறது என்பதெல்லாம் அந்தச் சிறிய சதுரத்துக்குள் தெரிந்தன. விளையாட்டும் கணக்கும் தேர்வுமே படிவமாகிவிட்ட இன்று அந்தத் தெளிவு தானாக வருவதில்லை. எந்தக் கேள்வி விடைக்காகக் கேட்கப்படுகிறது, எது விற்பனைக்காகக் கேட்கப்படுகிறது, பெயர் எந்த இடத்தில் கேட்கப்படும் என்பதை முதல் கேள்விக்கு முன்பே சொல்லிவிடுவது கருவியை உருவாக்குபவரின் கடமையாகிறது. ஒப்புதலைப் பற்றிய புதிய சட்டங்கள் வலியுறுத்துவதும் இதைத்தான்.